பச்சை முகம்

— என் மூஞ்சி ஏங்க பச்சையா இருக்கு?

— என்னது?

— மூஞ்சி, கழுத்து, கை, எல்லாம் பச்சை. குளத்துப் பாசியில விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கேன்.

— காலங்காத்தால விளையாடாதே. அந்தச் சுத்தியலக் குடு, ஆணி அடிக்கணும்.

— நான் விளையாடல. ஆணி அப்பறம் அடிக்கலாம். மூடியிருக்கற துணிய முழுசா எடுங்க முதல்ல.

— எடுத்தாச்சு. நல்லாப் பாத்துக்க. உன் தங்கச்சி பிரசவத்துக்குன்னு பத்து நாள் போனே பாரு, அப்ப வரைஞ்சது. இன்னிக்கு இங்க கண்காட்சிக்கு வந்துதான் நீ பாக்கணும்னு ஒளிச்சு வெச்சேன். சந்தோஷப்படுவேன்னு நினைச்சா, பாசிங்கறே.

— ஜாடை என்னோடதுதான். மெஷின், ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய மரம், எல்லாம் நம்ம வீடுதான். நூல் கோக்கறப்ப நாக்கைக் கடிப்பேனே, அதுகூட வந்திருக்கு. ஆனா மரத்துல இலை பூரா செங்கல் நிறத்துல இருக்கு. நான் பச்சையா இருக்கேன். எல்லாம் இடம் மாறிப்போச்சுங்க.

— அது வந்து… நல்லாப் பாத்தியா?

— எனக்கு நல்லாத் தெரியுது. நீங்க சொல்லுங்க, எந்த டப்பாவுலேருந்து எடுத்தீங்க? வீட்டுல ஒவ்வொரு டப்பா மூடியிலயும் நான் எழுதித்தானே வெச்சிருக்கேன். சி போட்டது சிவப்பு, ப போட்டது பச்சை.

— அது போர்டு எழுதற பெயிண்ட்டு. இதுக்கு, இந்தக் கண்காட்சிய நடத்தற வெல்டர் எனக்கொரு டியூப் பெட்டி குடுத்தான்ல, அதுலேருந்து எடுத்தேன். டியூப்ல பேரு எறும்பு ஊர்ற மாதிரிப் பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷ். தட்டுல பிதுக்கினதுக்கு அப்பறம் பேராவது ஊராவது.

— யாரையாவது கேட்டிருக்கலாம்ல.

— யாரைக் கேக்கறது? பத்தொம்பது வருஷமா இந்தக் கிராமத்துக்கே போர்டு எழுதறேன், இது என்ன கலர்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னா?

— அதுவும் சரிதான்.

— நானே கலந்தேன். கொஞ்சம் இதைச் சேத்து, கொஞ்சம் அதைச் சேத்து. மூணு நாளாச்சு. சரியா வரல, கொட்டிட்டு மறுபடி கலந்தேன். ஒரு கட்டத்துல தட்டுல நீ வந்துட்டே. அதோட நிறுத்திட்டேன்.

— தட்டுல நான் வந்துட்டேனா?

— ஆமா. உன் கன்னத்து நிறம் அப்படியே வந்துச்சு.

— இதோ, என் கையை படத்துமேல வெக்கறேன். இப்ப சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணாவா இருக்கு?

— ஒண்ணாத்தான் இருக்கு.

— நிஜமா?

— உன்மேல சத்தியமா. உன் கை எங்க முடியுது, படம் எங்க ஆரம்பிக்குதுன்னுகூட இந்த ஓரத்துல தெரியல.

— சரியாப் போச்சு. பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீசர் வர்றாருங்க. இந்தப் படத்தப் பாக்கத்தான் வர்றார்.

— தெரியும்.

— புதுக் கட்டடம், மூணு மாடி. தரையில கலர் கலராக் கோடு போடற வேலை. சிவப்புக் கோட்டுல போனா அவசர சிகிச்சை, பச்சையில போனா பிரசவ வார்டு. நீலம் மருந்துக்கு, மஞ்சள் எக்ஸ்ரேக்கு. முழுசா ஒரு வருஷ வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க? வேலையைக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க கையைப் பாக்கணும்னு வர்றார். வந்து என்னத்தப் பாக்கப்போறார்? பச்சைப் பொம்பளைய.

— இப்ப என்ன செய்யலாங்கறே?

— மாட்டாம விட்டுடலாம்.

— பதினோரு பேரு, பதினோரு எண்ணு. வெல்டர் பேப்பர்ல அச்சடிச்சு வாசல்ல அடுக்கி வெச்சுட்டான். பதினொண்ணாம் நம்பர் நம்மது. அங்க வெறும் சுவரு இருந்தா வர்றவன் போறவன்லாம் கேப்பான்.

— மேல அடிச்சு மாத்தலாம். நான் பக்கத்துல நின்னு எந்த டியூப்னு சொல்றேன்.

— எண்ணெய் பெயிண்ட்டு. இப்ப அடிச்சா வர்றவன் தோள்லயெல்லாம் ஒட்டிக்கும். மணி என்ன ஆகுது?

— எட்டேகால். வெல்டர் அண்ணன் ஏணி எடுக்கப் போனவர் இன்னும் காணோம். யோசிக்கறதுக்கு நேரம் இருக்கு. கொஞ்சம் அந்த பெஞ்சுல உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— இத்தனை வருஷமா நீங்க என்னை இப்படித்தான் பாத்துட்டிருக்கீங்களா? இந்தக் கலர்லயா?

— எந்தக் கலர்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நீ உன் கலர்ல இருக்கே. மரம் மரத்துக் கலர்ல இருக்கு. எதுவும் கோளாறாத் தெரிஞ்சதில்ல. நீ வந்து சொல்ற வரைக்கும் இந்தப் படமும் சரியாத்தான் இருந்துச்சு.

— நான் இதைக் கேட்டதே இல்ல பாருங்க. கல்யாணமான மொதல் வாரம் பச்சை நூல் எடுத்துட்டு வாங்கன்னேன். காப்பிக் கலர் நூலைக் கொண்டுவந்தீங்க. திருப்பி அனுப்பினேன், சிவப்பு வந்துச்சு. மூணாவது தடவை பொட்டியோட தூக்கிட்டு வந்து, நீயே எடுத்துக்கன்னு மடியில வெச்சுட்டு அழுதீங்க.

— அழுதேன்னெல்லாம் இல்ல.

— அழுதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சீங்க. மொதல் முதலாளி கண்டுபிடிச்ச அன்னிக்கே கடைய விட்டு அனுப்பிட்டாருன்னீங்க. சரி, அவ்வளவுதானேன்னு அடுத்த நாளே டப்பாவுல எழுத ஆரம்பிச்சுட்டேன். எழுதறதுலயே பத்தொம்பது வருஷம் ஓடிப்போச்சு. உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு ஒரு நாள் உக்காந்து கேட்டதில்ல.

— கேட்டா மட்டும் சொல்லத் தெரியுமா?

— சொல்லிப் பாருங்க. தக்காளி எப்படி இருக்கும்?

— தக்காளி மாதிரி இருக்கும்.

— ஏங்க.

— நிஜமாத்தான். செடியில பழுத்தது எது, காய் எதுன்னு தெரியாது. அமுக்கிப் பாப்பேன். அதான் நான் வாங்கிட்டு வந்தா பாதி நசுங்கியிருக்குன்னு திட்டுவே.

— அதுக்கா அப்படி அமுக்கறீங்க? நான் உங்களுக்குக் கை பலம் ஜாஸ்தின்னு நினைச்சேன்.

— நீ நினைச்சா நினைச்சுக்கன்னு விட்டுட்டேன்.

— இங்க சுத்தி மாட்டியிருக்கறத ஒண்ணொண்ணாப் பாக்கலாம் வாங்க. இது வெல்டர் அண்ணனோடது. மண்வெட்டி, சைக்கிள் செயின்லாம் சேத்து கொக்கு செஞ்சிருக்கார். என்ன தெரியுது?

— கொக்கு. இரும்பு. கழுத்துல செயின் நல்லா வளைஞ்சிருக்கு, பத்தவெச்ச இடமே தெரியல. வாய்தான் ஜாஸ்தியே தவிர வேலைக்காரன்.

— துரு தெரியுதா?

— துரு எங்க இருக்கு?

— ரெக்கை பூரா. அதுக்குன்னே மழையில வெச்சு துருப்பிடிக்க விட்டிருக்கார். ஒரு ரெக்கை துரு, இன்னொரு ரெக்கைக்குப் பச்சை பெயிண்ட்டு. அதுதான் இதுல வேடிக்கை.

— எனக்கு ரெண்டு ரெக்கையும் ஒண்ணுதான். அதனாலதான் இதைக் கொண்டுவந்து வெச்ச அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்ப எனக்கு மட்டும் சிரிப்பு வரல.

— ஆனா சிரிச்சீங்களே.

— எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன். அது பழக்கம்.

— இப்படி எத்தனை தடவை சிரிச்சிருப்பீங்க. சரி, இந்தப் பக்கம் வாங்க. மண்பாண்டக்காரம்மாவோட ஜாடிங்க. இந்த நீலம்?

— நீலம் நல்லாத் தெரியும். நீலமும் மஞ்சளும் எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்ல.

— அடுத்தது ஸ்டுடியோக்காரர் எடுத்த போட்டோ. கறுப்பு வெள்ளை. ஆத்தங்கரை.

— இதுல நாம ரெண்டு பேரும் ஒண்ணு.

— அட, ஆமா. இந்த ஒரு சுவத்துல மட்டும் நீங்க பாக்கறதும் நான் பாக்கறதும் ஒண்ணுதான். கொஞ்ச நேரம் இங்கயே நிக்கலாம்.

— நின்னா ஆச்சா. அடுத்தது உன்னோடது.

— ஆமா, ஒன்பதாம் நம்பர். துண்டுத்துணியில தைச்ச தொங்கல். நாலு மாசம் தைச்சேன். நீங்ககூட தினம் பக்கத்துல உக்காந்து நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு… இருங்க. இதுல என்ன இருக்கு, சொல்லுங்க.

— துணி.

— துணியில?

— கட்டம் கட்டமா ஒட்டுப்போட்டிருக்கே. தையல் ஒரே சீரா இருக்கு. ஓரத்துல மஞ்சள் கரை.

— நடுவுல?

— நடுவுல என்ன?

— பறவை. நடுவுல பெருசா ஒரு பறவை பறக்குது. பச்சைத் துண்டுங்க நடுவுல சிவப்புத் துண்டுல. வாசல்ல நுழைஞ்சாலே அதுதான் தெரியும்.

— எனக்குத் தெரியல.

— கொஞ்சம்கூடவா?

— கொஞ்சம்கூட இல்ல.

— அப்ப நாலு மாசமா எதை நல்லாயிருக்குன்னு சொன்னீங்க?

— தையலை. நீ ராத்திரி பகலா குனிஞ்சு தைக்கறதை. உனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. பறவைன்னு நீ சொல்லவே இல்லையே.

— சொல்ல வேண்டியதில்லன்னு நினைச்சேன். பாத்தாத் தெரியுதேன்னு. எல்லா டப்பாவுலயும் எழுதற எனக்கு இது தோணவே இல்ல. உங்களுக்குத் தெரியாத ரெண்டு கலரை எடுத்து, உங்க பக்கத்துலயே உக்காந்து, நாலு மாசம் தைச்சிருக்கேன். எனக்கு வெக்கமா இருக்குங்க.

— அட, விடு. நான் உன்னைப் பச்சையா அடிச்சேன், நீ எனக்குப் பறவையைக் காட்டல. கணக்கு சரியாப் போச்சு.

— கையைக் குடுங்க. இந்தத் தையல் மேல விரலை வெச்சு மெதுவாப் போங்க. இது மூக்கு. இங்க வளையுதா, இது தலை. இப்படியே கீழ வாங்க.

— இது ரெக்கையா?

— ரெக்கைதான்.

— ஏ அப்பா. இவ்வளவு பெருசா?

— துணி பாதி அதுதான்.

— வால் எங்க… இதோ. பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கு. மூணு பிரி. நல்லாயிருக்கு. இப்ப நிஜமாச் சொல்றேன்.

— வெல்டர் அண்ணன் குரல் கேக்குது. கையை எடுங்க.

— என்ன மாப்ள, தங்கச்சியோட துணியத் தடவிட்டு நிக்கறே? தொடாதீர்னு நாந்தான் பலகை மாட்டியிருக்கேன், பாத்துக்க. அதையும் நீதானே எழுதிக் குடுத்தே?

— ஏணி கெடைச்சுதா மச்சான்?

— கெடைச்சுது, ஒரு கால் நொண்டி, பாத்துக்க. நீ கீழ பிடிச்சுக்க, நான் ஏறி உன் படத்தை மாட்டறேன். எங்க அது? ஓ. ஓஹோ. மாப்ள, இது என்னடா?

— படம்.

— படம்னு தெரியுது. தங்கச்சிக்கு என்ன ஆச்சு? வயித்துப்போக்கு வந்து மூணு நாள் படுத்த மாதிரி இருக்கு. அந்த மரம் தீப்பிடிச்சு எரியுதா என்ன?

— மச்சான், அது வந்து…

— அண்ணே, நான் சொல்றேன். நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன்.

— நீயா? எதுக்குத் தங்கச்சி?

— பாருங்கண்ணே, நான் காலையில மெஷின்ல உக்காந்தா பொழுது சாஞ்சுதான் எந்திரிக்கறேன். வெளிய வெயில் காயுது, இலை காயுது, எல்லாம் போகுது வருது. நான் மட்டும் அந்த ஜன்னலோரத்துல செடி மாதிரி ஒரே இடத்துல இருக்கேன். அதனால நான் பச்சை, மரம் காஞ்சுபோன நிறம்.

— அடேங்கப்பா. இதை யார் யோசிச்சது?

— இவர்தான்.

— மாப்ள, உன் மண்டைக்குள்ள இதெல்லாமா இருக்கு? இத்தனை வருஷமா நீ "இங்கு பஞ்சர் ஒட்டப்படும்"னு எழுதறவன்னுதான் நான் நினைச்சுட்டிருந்தேன். நில்லு, அட்டையில எழுதணும். பாக்கறவங்களுக்கு வெளங்கற மாதிரி. நீயே சொல்லு மாப்ள, உன் வாயால.

— அவ சொன்னதையே எழுதிக்க.

— சரி, எழுதியாச்சு. படத்துக்குப் பேரு?

— பேரு வெக்கலை.

— நான் "பச்சை முகம்"னு போடறேன், பாத்துக்க. ஏணியப் பிடிச்சுக்க, ஆணி அடிக்கறேன். ஆங், மாட்டியாச்சு. இதப் பாத்துட்டு ஊரே நாலு நாள் பேசும். நான் போயி வாசல்ல மேஜை போடறேன். ஆபீசர் வந்தா நேரா உங்ககிட்ட அனுப்பி வெக்கறேன், சரியா? 

— சரிண்ணே. போயிட்டு வாங்க… போயிட்டார். அப்பாடா. பாத்தீங்களா? நம்பிட்டார்.

— உனக்கு இவ்வளவு பொய் சொல்ல வரும்னு எனக்குத் தெரியாது.

— எனக்கே தெரியாது. ஆரம்பிச்சேன், வந்துடுச்சு. ஆபீசர்கிட்டயும் இதையே சொல்லிடுவோம். உங்களுக்குச் சொல்ல வராட்டி சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க.

— நான் ஆட்டமாட்டேன்.

— என்ன?

— அந்த வேலை எனக்கு வேண்டாம்னு தோணுது.

— ஏன், டப்பாவுல நான் எழுதித் தரமாட்டேனா? மூணு மாடிக்கும் சேத்து எழுதித் தர்றேன்.

— டப்பா இல்ல விஷயம். போன வாரம் கட்டடத்தப் பாக்கக் கூப்பிட்டாங்கள்ல. இன்ஜினியரு மாதிரிக்குன்னு தரையில கலர் டேப் ஒட்டி வெச்சிருந்தார். உள்ள நுழைஞ்சதும் பெருசா ஒரு கூடம். அங்கதான் கோடெல்லாம் பிரியுது. சிவப்பு இடது பக்கம் போகுது, பச்சை வலது பக்கம் போகுதுன்னார். நான் அங்க நின்னேன். எனக்கு ஒரே கோடு ரெண்டாப் பிரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

— அதனால என்ன? கோடு போடறதுதான் உங்க வேலை. கோட்டுல நடக்கறது இல்லையே.

— என்னை மாதிரிக் கண்ணு இருக்கறவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தானா? நெஞ்சைப் பிடிச்சுட்டு ஒருத்தன் வருவான். சிவப்புக் கோட்டுல போன்னு வாசல்ல சொல்லுவாங்க. அவன் போயி பிரசவ வார்டு வாசல்ல நிப்பான். அந்தக் கோட்டை நான் போட்டிருப்பேன். தெரிஞ்சே போட்டிருப்பேன்.

— அதெல்லாம் அவங்க யோசிக்க வேண்டியது. படிச்சவங்க.

— அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதான் எனக்குத் தூக்கம் வரல. கோட்டுக்குள்ள அம்பு போடலாம், கட்டம் போடலாம், ஒண்ணை முழுசாவும் ஒண்ணை விட்டு விட்டும் போடலாம். ஆனா அதைச் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க.

— கேட்டா?

— சொல்லணும்.

— சொன்னா வேலை போகும்ங்க. அந்த வேலை மட்டுமா? நாளைக்கு மருந்துக்கடைக்காரர் கூப்பிடுவாரா? பள்ளிக்கூடத்துல கூப்பிடுவாங்களா? கலர் தெரியாதவனுக்கு எவன் போர்டு குடுப்பான்? உங்க மொதல் முதலாளி ஒரு நாள்ல செஞ்சதை இந்த ஊரு ஒரு மணி நேரத்துல செய்யும். கூரை ஒழுகுது, எனக்கு முதுகு நிமிர மாட்டேங்குது. இந்த ஒரு வருஷ வேலை வந்தா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கறதை விட்டுடலாம்னு நான் கனவு கண்டுட்டிருக்கேன்.

— தெரியும். அதான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கல.

— இன்னும் ஒரு நாள் திறக்காம இருங்க. எனக்காக.

— உனக்காகத்தான் அந்தப் படத்த வரைஞ்சேன். ஒரு தடவையாவது உன்கிட்ட கேக்காம, உன்னை நானே கலந்து பாக்கணும்னு ஆசை. நீ எழுதித் தந்த எழுத்து இல்லாம. அது இப்படி வந்திருக்கு. அதுக்கு ஒரு பொய்யை அட்டையில எழுதி மாட்டியிருக்கோம். ஒண்ணு கேளு. அந்தப் பொய் அழகா இருக்கு. ஆனா அதுல நான் இல்ல.

— எனக்கு இப்ப கோவம் வருதா அழுகை வருதான்னு தெரியல.

— ரெண்டும் வரட்டும்.

— சும்மா இருங்க. யாரோ வர்றாங்க. அவர்தான், ஆஸ்பத்திரி ஆபீசர். மணி ஒன்பதரைகூட ஆகல. எதுவும் பேசாதீங்க, நான் பேசிக்கறேன்… வாங்க சார், வாங்க. தனியாவா வந்தீங்க?

— தனியாத்தாம்மா. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாத்துடலாம்னு. வெல்டர் உள்ள போங்கன்னார். இவர்தானே ஆர்ட்டிஸ்ட்?

— போர்டு எழுதறவன் சார்.

— அதாவது, அந்தப் படத்த வரைஞ்சவர் நீங்கதானே? பதினொண்ணு?

— ஆமா சார்.

— அப்ப ஆர்ட்டிஸ்ட்தான். பேப்பர்ல நம்பரைப் பாத்துட்டுதான் வந்தேன். ஆனா நம்பர் தேவையில்லை, வாசல்லேருந்தே அம்மாவோட ஜாடை தெரிஞ்சது. அந்த நாக்கு ஓரமாக் கடிச்சிருக்கறது ரொம்ப நல்லா வந்திருக்கு. எங்க அக்கா இப்படித்தான் நூல் கோப்பாங்க.

— சார், கலரைப் பத்தித் தப்பா நினைச்சுக்காதீங்க. நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன். அட்டையில எழுதியிருக்கோம், படிச்சுப் பாருங்க.

— கலருக்கு என்னம்மா?

— அதாவது சார், ஒரு பொம்பளை செடி மாதிரி ஒரே இடத்துல…

— நிறுத்து. சார், அவ எனக்காகச் சொல்றா. அது நிஜமில்ல. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது சார். பொறப்புலேருந்து தெரியாது. கண்ணு அப்படி. நீங்க ஆஸ்பத்திரி வேலை குடுக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்னு நினைச்சேன்.

— ஏங்க…

— சொல்லிட்டேன். அவ்வளவுதான்.

— இருங்க. கொஞ்சம் இருங்க. தெரியாதுன்னா?

— ரெண்டும் எனக்கு ஒண்ணு சார். அதோட காப்பிக் கலரும் சேத்தி.

— எத்தனை வருஷமா போர்டு எழுதறீங்க?

— பத்தொம்பது வருஷம்.

— யாருமே கண்டுபிடிக்கலையா?

— மொதல் முதலாளி கண்டுபிடிச்சார். அப்பறம் இவ. அதோட யாரும் இல்ல.

— எப்படிச் சமாளிச்சீங்க? பெயிண்ட்டு?

— இவ டப்பாவுல எழுதித் தருவா.

— டவுன் ரோட்டுல சிக்னல் விளக்கு எரியுமே, அது?

— மேல எரியுதா, கீழ எரியுதான்னு பாப்பேன். முன்னாடி போற வண்டி நின்னா நிப்பேன்.

— பழம் வாங்கறப்ப?

— அமுக்கிப் பாப்பேன் சார்.

— ம். கடையில சட்டை எடுக்கறப்ப?

— நான் எடுக்கறதில்ல. இவ எடுத்துத் தர்றதைப் போட்டுக்குவேன்.

— உங்க வீட்டம்மாகிட்ட எப்ப சொன்னீங்க? கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?

— சொல்லலை சார். மொதல் வாரமே மாட்டிக்கிட்டேன்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— நான் ஒண்ணும் சொல்லல சார். மூடியில எழுதிக் குடுத்தேன். அது பெரிய விஷயமா எனக்குத் தெரியல. சார், இவரு வேலையில சுத்தம். எழுத்துல ஒரு பிசிறு இருக்காது. நீங்க வேற ஆளைப் பாத்துக்கறதுன்னா பாத்துக்கங்க, ஆனா ஊர்ல மட்டும் சொல்லிடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

— சேச்சே, கையைக் கீழ போடுங்கம்மா. ஆர்ட்டிஸ்ட், நீங்க சொல்லுங்க. தரையில கோடு போடறது சரியா வராதுங்கறீங்களா?

— வெறும் கலரை நம்பிப் போட்டா வராது சார். அந்தக் கூடத்துல நின்னு பாத்தேன். சிவப்பு எங்க போகுது, பச்சை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல. அம்பு போடணும், இல்ல கோட்டையே வேற வேற தினுசாப் போடணும். என்னை மாதிரி நாலு பேராவது வருவாங்க சார்.

— வருவாங்க. ஒரு நாளைக்கு நாலு பேர்… வருவாங்க. அந்த டேப்பை ஒட்டினதும் இன்ஜினியர் என்னைக் கூட்டிட்டுப் போயி, சரியா இருக்கான்னு கேட்டார். நான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்.

— உங்களுக்கு எப்படிச் சார் தெரியும் இதெல்லாம்? கண்ணு நல்லா இருக்கறவங்களுக்குத் தோணாது. இந்தப் படத்தையே பாருங்க. நான் அவ முகம்னு நினைச்சுத்தான் அடிச்சேன். பச்சையாம். காலையில இவ சொல்லித்தான் தெரியும்.

— எது பச்சை?

— முகம் சார். கையும், கழுத்தும்.

— இந்தப் படத்துலயா?

— இதேதான் சார், உங்க கண்ணுக்கு நேரா.

— வாசல்ல வெல்டர் பச்சை முகம், பச்சை முகம்னு சொல்லிட்டிருந்தார். அது வேற ஏதோ படம்னு நினைச்சேன்… அம்மா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க. சாத்திட்டு இங்க வந்து, இதுல பச்சை எங்க இருக்குன்னு எனக்கு விரலை வெச்சுக் காட்டுங்க.